மழை நாளில் வந்து பார்

வெயிலடிக்கும் ஞாயிறு வீடு பார்க்கப் போகாதே.
பெர்கனில் அப்படி ஒரு ஞாயிறு வாய்ப்பதே அரிது,
வாய்த்தால் தூண்டிலை எடுத்துக்கொண்டு கிளம்பு.
அன்றைக்கு எல்லா வீடும் நல்ல வீடுதான்.
செவ்வாய் மாலை வா,
குடை மடங்கி முறுக்கிக்கொள்ளும் காற்றில்.
கூரைத் தண்ணீர் எதன் வழியாக இறங்குகிறது,
குழாயா, சுவரா?

சுவருக்குக் காது உண்டு என்பார்கள்.
இருபத்திரண்டு வருடம் ஈரமானியோடு அலைந்தவன் சொல்கிறேன்,
அதற்கு வாய்தான் உண்டு.
இரண்டு ஊசியைக் குத்தினால் போதும்,
கீச் கீச்சென்று குடும்பக் கதை முழுவதும் கொட்டிவிடும்.

வாசலிலேயே லவங்கப்பட்டை ரொட்டி மணத்தால்
மூக்கைப் பொத்திக்கொண்டு நேரே நிலவறைக்கு இறங்கு.
அங்கே போய் மூச்சு விடு.
நாலு சுவரில் ஒன்றுக்கு மட்டும் புது வெள்ளை அடித்திருந்தால்
அதன் எதிரே நில்.
நீ பேசாதே,
வேறு யாராவது பேச ஆரம்பிக்கும்வரை.

சான்ட்விக்கன் மேட்டில் கௌதே
நான் வருவதற்கு முந்தின இரவுதான் பூசியிருந்தார்.
காயவில்லை, என் சட்டைக் கையில் ஒட்டியது.
"பழைய வீடு, கொஞ்சம் வியர்க்கும்" என்றார்.
பதினான்காம் பக்கத்தில் நிலை மூன்று என்று எழுதினேன்.
காபி கொடுத்த கையாலேயே கோப்பையை வாங்கிக்கொண்டார்,
பாதிதான் குடித்திருந்தேன்.

விற்பவரே, உங்களுக்கும் சேர்த்துத்தான்.
பூசி மெழுகாதீர்கள்.
மறைத்த ஈரம் நாலு வருடம் கழித்தும்
வக்கீல் கடிதமாக உங்கள் புது விலாசம் தேடி வரும்.
எழுதிக் கொடுத்துவிடுங்கள்:
சாக்கடைக் குழாய் எந்த வருடத்தது,
எந்த ஜன்னல் குளிர்காலத்தில் திறக்காது,
கூரையைச் சரிசெய்தது தொழில் தெரிந்தவரா, மச்சானா.
மச்சான் என்றால் மச்சான் என்றே எழுதுங்கள்.

ஏலம் மறுநாள் ஒன்பது மணிக்கு, கைபேசியில்.
அனுப்பிய தொகை அனுப்பியதுதான்,
வில்லிலிருந்து போன அம்பு.
அதனால் உன் உச்சத் தொகையை முந்தின இரவே,
சாப்பிட்ட பிறகு, எழுதிக் குளிர்பெட்டிக் கதவில் ஒட்டு.
அதில் சுவரோரம் தோண்டி வடிகால் போட
நான்கு லட்சம் குரோனரைக் கழித்த பிறகு ஒட்டு.
பதினொன்றரை மணிக்கு அந்த எண் சின்னதாகத் தெரியும்.
தெரியட்டும்.

சொல்வி ஒட்டியிருந்தாள்.
ஆஸ்பத்திரியில் இரவுப் பணி முடித்து
பேருந்தில் இருந்தபடியே ஏற்றிக்கொண்டு போனாள்,
ஐந்தாயிரம், ஐந்தாயிரமாக.
தன் எண் வந்ததும் நிறுத்தினாள்.
வீடு போய்விட்டது.
அழுததில் இறங்க வேண்டிய நிறுத்தமும் போய்விட்டது.
வாங்கியவர் அறிக்கையைத் திறக்கவே இல்லையாம்,
தரகர் சிரித்துக்கொண்டே சொன்னார்.
நவம்பரில் அவர் என்னைக் கூப்பிட்டார்,
தண்ணீர் இறைக்கும் பம்பு எங்கே வாடகைக்குக் கிடைக்கும் என்று.
சொல்வி அதற்குள் லக்செவோக்கில் ஒன்று வாங்கிவிட்டாள்.
படிக்கட்டு உளுத்தது, சமையலறை அசிங்கம்.
காலுறை நனைய நனைய மூன்று தடவை போய்ப் பார்த்தாளாம்.

இவ்வளவும் சொல்பவன் தன் வீட்டை எப்படி வாங்கினான் என்று
நீ கேட்கவில்லை.
ஜூன் மாதம். மாலை ஏழு மணி வெயில்.
கீழே ஃபியோர்டு வெள்ளித்தாள் போலக் கிடந்தது.
"மேசையை இங்கே போடலாம்" என்றாள் ஆஸ்லாவ்.
ஈரமானி காரில் இருந்தது,
இருபது அடி தூரம்.
நான் போய் எடுக்கவில்லை.

பத்தொன்பது வருடமாக நிலவறையில் ஒரு நீல வாளி.
காலையில் நான் கொட்டுகிறேன், மாலையில் அவள்.
மேசை அவள் சொன்ன இடத்தில்தான் இருக்கிறது.
விற்கும் நாள் வந்தால் வாளியை ஒளிக்கமாட்டேன்.
அது அங்கேயே இருக்கும்,
பக்கத்தில் ஒரு தாளில்
மாதத்துக்கு இத்தனை லிட்டர் என்ற கணக்கோடு.