சாய்கோடு

மடித்தால் பலகை, விரித்தால் கணினி.
கூடாரமாய் நிறுத்தினால்
சாவிகளுக்கிடையே ரொட்டிமாவு.
எட்டு யூரோ பேனா
சாய்கோடு இழுக்கையில் நடுங்கும்.
மூன்று துளைப் பெட்டியில் ஒன்றுக்குத்தான் உயிர்:
மின்சாரமா, சுட்டியா,
ஏதாவது ஒன்று சொல் என்கிறது.

ரீகாவில், பனி அப்பிய டிராமில்,
மடியில் இதை வைத்துக்கொண்டு
வீடு வீடாய் முட்டி பார்க்கப் போகிறேன்.

துறைமுகத்தில் கிரேன் ஓட்டும் ஸ்கைத்ரீத்தேக்கு
இன்று மூட்டு வரைந்து காட்டினேன்.
கோடு நெளிந்தது.
பேனா மட்டம், மன்னியுங்கள் என்று வாயெடுக்குமுன்
"இதேதான்!" என்றாள்.
"படியிறங்கினால் இப்படித்தான் வலிக்கிறது.
முன்னால் பார்த்தவர்
நேராய்ப் போட்டுவிட்டார்."

நல்ல பேனாவுக்கென்று சேர்த்த காசு
பையிலேயே இருக்கிறது.
திரும்பும்போது
ஆடுகிற கீலுக்கு
ஒரு திருப்புளி மட்டும் வாங்கினேன்.
அதுவும் மலிவுதான்.