கடல் மட்டத்திலிருந்து

ஓசூர் ரயில் நிலையத்து மஞ்சள் பலகையில்
ஊர்ப் பெயருக்கு அடியில், சின்ன எழுத்தில்,
கடல் மட்டத்திலிருந்து எவ்வளவு உயரம் என்று எழுதியிருக்கும்.
எண்ணூற்றுச் சொச்சம் மீட்டர்.
இந்த ஊரில் கடலைப் பற்றிய பேச்சு
அந்தப் பலகையோடு சரி.

அந்த உயரத்தில் தங்க
மாதம் ஏழாயிரத்து ஐந்நூறு.
மொட்டைமாடியில் ஒற்றை அறை, தகரக் கதவு.
தண்ணீருக்கு முந்நூறு தனி.
கரண்டுக்கு சப் மீட்டர், யூனிட் எட்டு ரூபாய்.
பத்து மாத அட்வான்ஸுக்காக
அம்மாவின் இரட்டைவடச் சங்கிலி
கோவளத்தில் ஒரு அடகுக் கடை பீரோவுக்குள்
சீட்டு ஒட்டிக் கிடக்கிறது.

செவ்வாய்க்கிழமை தேர்ப்பேட்டையில்
ஐஸை விலக்கி வஞ்சிரத்தின் கண்ணைப் பார்த்தேன்.
அது என்னைப் பார்க்கவில்லை.
கிலோ தொள்ளாயிரம்.
நெத்திலி இருக்கா என்றேன், சிரித்தான்.
கால் கிலோ மத்தி. ஆறு மீன்.
ஷிஃப்ட் முடிந்து வந்து குழம்பு கொதிக்கையில்
எதிர் அறை சஸ்மிதா ஜன்னலில் நின்றாள்.
கோபால்பூர்க்காரி.
அவளும் கடலை விட்டுத்தான் ஏறி வந்தவள்.
தட்டு எடுத்து வா என்று கையைக் காட்டினேன்.
இரண்டு எடுத்து வந்தாள்,
நைட் ஷிஃப்ட் போன தோழிக்கும் சேர்த்து.
ஆறு மீன், மூன்று தட்டு.
வகுத்தேன். மீதி இல்லை.

ஒன்றாம் தேதி முனிரத்னம்மா மேலே வந்தார்.
எச்சில் தொட்டு எண்ணினார்.
பேச்சுவாக்கில், கோபமே இல்லாமல்,
"கம்பெனிக்காரங்க நீங்கல்லாம் வந்துதாம்மா
இங்க வாடகை இப்பிடி ஏறிப்போச்சு.
எம் மவளுக்கு ஓசூர்ல வீடு கெடைக்கல,
பேரிகையில போய் உக்காந்திருக்கா" என்றார்.
நோட்டுகளை மறுபடி ஒருதரம் எண்ணிவிட்டு,
"அடுத்த மாசத்திலிருந்து எட்டாயிரம்."

நான் ஏற்றினேனா?
காலையில் ஆறு மணி பஸ், சிப்காட்,
கையுறைக்குள் கை, லென்ஸுக்குக் கீழே
கடுகை விடச் சின்ன ஒரு திருகாணி.
இதைத் தவிர இந்த ஊரில்
நான் எதையும் தூக்கியதில்லை.

அன்று இரவு தம்பி பேசினான்.
கோவளத்து எங்கள் வீட்டு மேல்தளத்தில்
லூக்காஸ் என்று ஒருத்தன் இருக்கிறான்.
பகலில் அலைப்பலகை, ராத்திரியில் கம்ப்யூட்டர்.
இருபத்தைந்தாயிரம் என்று அம்மா பயந்து பயந்து சொன்னபோது
மாதத்துக்கா வாரத்துக்கா என்று கேட்டவன்.
அதில் பதினெட்டு
படகு எஞ்சின் தவணைக்குப் போகிறது.
அம்மாவும் தம்பியும் பின்கட்டு அறையில்,
வலை மூட்டைக்கும் கேஸ் சிலிண்டருக்கும் நடுவில்.

அவனுக்குப் பிறகு தெரு முழுக்க மேல்தளங்கள் முளைத்தன.
வாடகைக்கு இருந்த ஜெபஸ்தியான் மாமா
திருப்போரூருக்குப் போய்விட்டார்.
விடியலுக்கு முன்னால் ஷேர் ஆட்டோவில்
கடலுக்கு வருகிறார், போக வர எண்பது ரூபாய்.
போன மாதம் தம்பியைப் பார்த்து,
"உங்க வெள்ளக்காரன் நல்லாருக்கானாடா" என்றாராம்.

இவ்வளவு அழகான ஊரை விட்டு
உங்கள் மகள் ஏன் போனாள் என்று
லூக்காஸ் ஒருநாள் அம்மாவிடம் கேட்டிருக்கிறான்.
குளிர் வேணும்னு போயிருக்கா என்றாளாம்.
அவன் நம்பிவிட்டான்.

"அக்கா, ஒப்பந்தம் முடியுது.
முப்பது கேக்கவா?
பாவம், நல்ல மனுஷன்."

நானும் யோசித்தேன்.
நல்ல மனுஷன்தான்.
வாடகையை ஒருநாள் தள்ளித் தந்ததில்லை.
என்னைப் பற்றி முனிரத்னம்மாவும்
பேரிகையில் மகளிடம்
இதையேதான் சொல்லியிருப்பார்.

முப்பத்திரண்டு கேள், என்றேன்.

போனை வைத்தபின் பார்த்தால்
அதன் கண்ணாடியெல்லாம் மத்தி வாடை.
கையை இரண்டு முறை சோப்புப் போட்டும் போகவில்லை.
எலுமிச்சை தேய்த்தால் போகும்.
கீழே கடையில் மூன்று இருபது ரூபாய்.
படி வரை போய்விட்டுத் திரும்பி வந்தேன்.