இரண்டாம் நம்பரில் ஒரு முனகல்

ஜம்பட்டா வீதியில் ஃபேன் கடை.
சித்திரை வெக்கை. கடலிலிருந்து வரவேண்டிய காற்று
துறைமுகத்துக் கொள்கலன்களோடு
எங்கேயோ சுங்கத்தில் நிற்கிறது.
அப்படியும் விற்பனை இல்லை.

"வாங்கின சனத்தின்ர வாயைக் கேள்"
என்றார் முதலாளி சற்குணராசா.
"நாங்கள் சொன்னா விளம்பரம்.
அவை சொன்னா சாட்சி."

பற்றுச்சீட்டுப் புத்தகத்தில் விலாசம் பார்த்து
வீடு வீடாகப் போனேன், கைபேசியோடு.
ஒருவர் "பரவாயில்லை" என்றார்.
ஒருவர் "ஆர் நீங்கள்?" என்றார்.
ஒரு வீட்டில் ஃபேன் இன்னும் பெட்டியோடு, கட்டிலுக்குக் கீழே.
மகளின் கல்யாணத்துக்காம், இன்னும் எட்டு மாதம்.
வியர்த்து வழிந்தபடியே
"அருமையான சாமான்" என்றார்கள்.

மூன்றாம் மாடியில் எமரன்சியா அக்கா
பள்ளிச் சீருடைகளுக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தார்.
நூலைக் கடித்துத் துப்பிவிட்டுச் சொன்னார்:
"நல்ல காத்து, பொய் சொல்லக்கூடாது.
ஆனா ரெண்டாம் நம்பரில போட்டா
கழுத்துத் திருப்பேக்க ஒரு முனகல்.
முதல் எரிச்சலாத்தான் இருந்தது.
இப்ப, வீட்டில ஆரோ
புரண்டு படுக்கிற மாதிரி."

கடையில் போட்டுக் காட்டினேன்.
'நல்ல காத்து'க்குப் பின்னால்
முதலாளி விரலை வைத்தார். "இதோட வெட்டு."
வெட்டினேன்.
அடுத்த சொல்லுக்குத் திறந்த வாயோடு அக்கா நின்றுபோனார்.
பதாகையிலும் அப்படியே, ஆறடிக்கு நாலடி,
தமிழிலும் சிங்களத்திலும் நல்ல காற்று.

அந்த மாதம் பதினேழு போனது.
பதினொன்று திரும்பி வந்தது.
"சத்தம் போடுதே அண்ணை,
உந்தப் படத்தில நிக்கிற மனிசிக்குக்
காது கேளாதோ?"

பதினொன்றையும் அடுக்கி முடித்த இரவு
முதலாளி தலையைச் சொறிந்தார்.
"சரி, முழுசையும் போடு."

விலையைக் குறைக்கவில்லை. மோட்டாரை மாற்றவில்லை.
முனகல் என்று பெரிய எழுத்தில் போட்டோம்,
அவ்வளவுதான். சனம் வந்தது.
"ரெண்டில விடுங்கோ" என்று சொல்லி,
காதைக் கிட்டக் கொண்டுபோய்,
"ம், அதுதான்" என்று வாங்கிப் போனது.
தனியே வந்தவர்கள்
பேரமும் பேசவில்லை.

குறை விலைபோகும் என்று கண்டபின்
வியாபாரி சும்மா இருப்பாரா?
"ரைஸ் குக்கருக்கும் ஒரு குறை எழுது.
கிரைண்டருக்கு ரெண்டு.
பெரிசா வேண்டாம், நுளம்பு கடிச்ச மாதிரி.
நம்புவினம்."

எழுதினேன். சம்பளத் திகதிக்கு நாலு நாள் இருந்தது.
குக்கரின் மூடி கொஞ்சம் இறுக்கம் என்றார்
வத்தளையில் இல்லாத ஒரு வாத்தியார்.
ஃபேனுக்கும் இன்னொருவர் வேண்டுமாம்.
தெமட்டகொடை ரேணுகாதேவியைப் பெற்றெடுத்தேன்,
மேசையில், தேத்தண்ணி ஆறுவதற்குள்.

"கரண்ட் போய் அது நின்றால்
நானும் விழித்துவிடுவேன்.
எழும்பி ஒருதரம் தட்டி
'என்ன, நித்திரையோ?' என்று கேட்பேன்."

அந்தக் கடைசி வரி இட்டுக்கட்டியதல்ல.
என் அறையில் நடப்பது.

வைகாசி மழையில் அக்கா வந்தார், ஒரு பிளக் வாங்க.
தன் படத்தைப் பார்த்துத்
தலைமயிரை ஒதுக்கிக்கொண்டார்.
பக்கத்துப் பதாகையை வாசித்தார்.
திரும்பவும் வாசித்தார், உதடு அசைய.

"இந்த ரேணுகாதேவி ஆர் தம்பி?
தெமட்டகொடை எண்டா கிட்டத்தானே.
ஞாயிறு பூசை முடிய ஒருக்காப் போய்ப் பாப்பம்...
நம்பர் தாறீரோ?"

இப்போது என் வாய் திறந்தபடி நின்றது.
நோட்டுக் கட்டிலிருந்து கண்ணெடுக்காமல்
முதலாளி காப்பாற்றினார்:
"அவ கனடா போட்டா."

அக்கா தலையாட்டினார்.
கொழும்பில் இதை ஒருவரும் சந்தேகிப்பதில்லை.
பிளக்கைக் கைப்பையில் போட்டு,
குடையை விரித்து, படி இறங்கி,
பாதித் தெருவிலிருந்து திரும்பி வந்தார்.

"அப்ப அந்த ஃபேனை
ஆரிட்டக் குடுத்திட்டுப் போனவ?"