கறுப்பில் விழுந்த புள்ளி

நாடியை இங்கே வையுங்கள், நெற்றியை முன்னால் ஒட்டுங்கள்,
பச்சை வெளிச்சம் தெரியும், அதையே பாருங்கள்,
இமைக்க வேண்டாம்.
ஒரு நாளில் நாற்பது முறை சொல்வேன்.
ஜெலுத்தோங் கிளினிக்கில், ஏர்கான் சொட்டும் பின்னறையில்.

புஷ்பலீலா த/பெ சின்னப்பன், வயது அறுபத்து மூன்று.
காலையில் பாலம் தெரியவில்லை என்று வந்திருந்தார்.
சுங்கை நிபோங்கில் பதினான்காம் மாடி.
சமையலறை ஜன்னலைத் திறந்தால் பினாங்குப் பாலம்;
விடியும்போது அது இல்லை.
பத்துமணி வாக்கில் தூண் தூணாகத் திரும்பி வருகிறது.
புகைமூட்டம் என்றுதான் இருந்தாராம்.
புகை போய் மழை வந்தது,
பக்கத்து வீட்டு மிஸஸ் ஊய்
தீவுக்கு எதிர்க்கரை மலைகூடத் தெரிகிறதே என்றார்.
அப்புறம்தான் சந்தேகம்.

ஒரு பளிச்.
கண்ணைத் தொடவில்லை, ஒன்றும் வலிக்கவில்லை.
திரையில் வந்து நின்றது
அவர் கருவிழியின் உள்சுவர்:
ஒரே அடுக்குச் செல்கள்,
படலத்தில் ஊறும் நீரை ராப்பகலாய் இறைப்பவை.
கண் மூடித் தூங்கினாலும் அவற்றுக்கு ஷிப்ட் உண்டு.
ஆறு மூலையும் சமமாய் இருக்க வேண்டும்.
இவருடையவை
சந்தையில் இடம் பிடிக்க விரித்த கோணிகள்போல்
ஒன்று பெரிதாய், ஒன்று கோணலாய்,
நடுநடுவே கறுத்த பள்ளங்கள்.

ஒவ்வொரு செல்லின் நடுவிலும் நான் ஒரு புள்ளி வைக்க வேண்டும்.
புள்ளிகளைக் கூட்டி, ஒரு சதுர மில்லிமீட்டருக்கு இத்தனை என்று
இயந்திரம் சொல்லும்.
முப்பதாவது புள்ளியில்
நாற்காலி நகரும் சத்தம்.
அவர் என் முதுகுக்குப் பின்னால் நிற்கிறார்.

"தம்பி, ஓரத்தில பாதி வெட்டுப்பட்டதை எண்ணாதே."

பாயான் லெப்பாஸில் இருபத்தாறு வருஷம்
மைக்ராஸ்கோப்பில் சில்லு பார்த்தவராம்.
இரவு ஷிப்ட், நீலத் தொப்பி, வாய்க்கு மூடி,
ஒரு தட்டில் மூன்று கறுப்பு இருந்தால்
மொத்தமாய் ரிஜெக்ட்.
அவர் எண்ணியது கறுப்பை.
நான் எண்ணுவது மிச்சத்தை.

"செத்ததுக்குப் புதுசு வராதா?"
வராது அக்கா. பக்கத்தில் இருப்பது அகன்று
அந்த இடத்தையும் பார்த்துக்கொள்ளும்.
சிரித்தார், சத்தமாகவே.
"ஆள் குறைச்சப்ப எங்க லைன்லயும் அப்படித்தான்.
இருபது பேர் வேலையைப் பதினோரு பேர்.
ஒப்பந்த ஆளாவது எடுப்பாங்கன்னு பார்த்தோம்."

மௌஸை வாங்கிக்கொண்டார்.
தர மாட்டேன் என்றிருக்க வேண்டும்.
மங்கல் விலகிய அந்த பதினோரு மணிக் கண்ணால்
திரைக்கு ஒரு சாண் தூரத்தில் முகம் வைத்து
டக், டக், டக்.
என்னைவிட வேகம்; நான் விட்ட இரண்டைப் பிடித்தார்.
பிறகு விரல் நழுவி
ஒரு புள்ளி கறுப்புப் பள்ளத்தில் விழுந்தது.

எண் கொஞ்சம் ஏறியது.

நான் பேசாமல் இருந்தேன்.
ஒரு புள்ளிதானே.
அதனால் டாக்டர் மனம் மாறப்போவதில்லை,
தானக் கருவிழிப் பட்டியலில் பெயர் முன்பின் ஆகாது.
ஏறிய எண்ணோடு ஒருவர் வீட்டுக்குப் போகட்டுமே
என்றுகூட ஒரு நொடி.

"அதை எடுத்துடு" என்றார்.
"இப்படி ஒண்ணைப் பாஸ் போட்டதுக்குத்தான்
சூப்பர்வைசர்கூட ஒருவாரம் பேசாம இருந்தேன்."

எடுத்தேன்.
வலது தொள்ளாயிரத்து எழுபது.
இடது கண்ணுக்கு
நாடி வைக்கும் தாளில் ஒன்றைக் கிழித்துப் போட்டேன்.
சொல்வதற்கு முன்பே நெற்றியை ஒட்டிக்கொண்டு
பச்சை வெளிச்சத்தைத் தேடினார்.

"இதையும் நானே எண்றேன்" என்றார்,
இமைக்காமல்.