புனல்

பிப்ரவரி. மணி எட்டு. ரீகாவில் இன்னும் விடியவில்லை.
மின்தூக்கி பராமரிக்கும் நிறுவனம், இரண்டாம் மாடி.
கோட்டைக் கழற்றாமலே விஸ்மா கோப்பைத் திறக்கிறாள்.
புகார்கள்: பதினொரு வரிசை.
எல்லாம் நகர மையம். எல்லாம் முடிந்தவை.
"ஒன்றுமில்லை" என்கிறாள் மேலாளரிடம்,
காலை வணக்கம் சொல்வதுபோல.
ஒன்பது மாதமாய் அதே ஒன்றுமில்லை.
அவருக்கும் அது பிடித்துப்போய்விட்டது.

இடது ஓரத்தில் எண்கள் மட்டும் நீல நிறம்.
நான்குக்குப் பிறகு பத்தொன்பது.
பத்தொன்பதுக்குப் பிறகு இருநூற்று ஆறு.
கவனிக்காமல் இல்லை.
இந்தக் கட்டடத்தின் மின்தூக்கியும்தான்
மூன்றாம் மாடியில் நிற்பதில்லை.
ஏனென்று கேட்டவர் யார்?

இன்று பத்தியின் தலையில், அம்புக்குறி இருக்கவேண்டிய இடத்தில்
எறும்பளவில் ஒரு புனல் தெரிந்தது.
அவளுக்கு முன் அந்த நாற்காலியில் இருந்த தாலிவால்டிஸ்
ஓய்வுபெறும் நாளன்று வைத்துவிட்டுப் போனது.
கெட்ட எண்ணம் இருந்திருக்காது.
முடித்த வேலையை மட்டும்
ஒருமுறை கண் குளிரப் பார்த்திருப்பார்.

வடிகட்டியை நீக்கு.

எண்ணெய் ஊற்றுகிற புனல்தான் அதுவரை.
இப்போது பழைய பொருளில்,
கரை தெரியாமல் வந்தது புனல்.
இமாந்தா. கெங்கரக்ஸ். போல்டெராயா.
ஆயிரத்து எழுநூற்று எண்பத்து மூன்று வரிசை.
நீலம் போய்
கறுத்துவிட்டன எண்கள்,
ஒன்றன்பின் ஒன்றாக, ஒன்றும் விடாமல்.

போல்டெராயா, ஒன்பது மாடிக் குடியிருப்பு,
ஏழாம் மாடி, ஸெல்மா க்ரூக்லே.
முதல் புகார் ஒரு கடிதம்:
மதிப்பிற்குரியீர், ஆறுக்கும் ஏழுக்கும் நடுவில் நிற்கிறது,
உள்ளே நானும் ஒரு மூட்டை உருளைக்கிழங்கும்,
நாற்பது நிமிடம்.
ஐந்தாவதில் மதிப்பு இல்லை.
பன்னிரண்டாவதில் உருளைக்கிழங்கும் இல்லை.
பத்தொன்பதாவது: மறுபடியும்.
முப்பதாவது வெறும் புள்ளி.
படிவம் காலியாக அனுப்ப விடாது, அதனால் புள்ளி.
பிறகு,
நான்கு மாத இடைவெளிக்கு அப்புறம், கடைசியாக:
ஐந்தாம் மாடித் திருப்பத்தில்
ஒரு நாற்காலி போட்டிருக்கிறேன்.
பழுது பார்க்க வந்தால்
அதை எடுத்துப் போய்விடாதீர்கள்.

மேலாளர் காபியோடு எட்டிப் பார்க்கிறார்.
"ஒன்றுமில்லையே?"
ஒரே ஒரு விசை, பழையபடி
பதினொன்றுக்குள் அடங்கிவிடும் ஊர்.
அவருக்கும் அது தெரியும்போல, திரையைப் பார்க்காமல்
கோப்பைக்குள் ஊதிக்கொண்டிருக்கிறார்.

விஸ்மா வலப்பக்கம் நகர்த்திக்கொண்டே போகிறாள்,
தேதி, தளம், தொலைபேசி, நிலை.
நாற்காலி வரிசையின் நேரே
யாரோ இட்டிருக்கிறார்கள்: தீர்ந்தது.

அந்தச் சொல்லை அழிக்கிறாள்.
கட்டம் காலி.
அடுத்து என்ன எழுதுவதென்று தெரியவில்லை.
தொலைபேசியை எடுத்து, எண்ணைப் பார்த்துப் பார்த்து
ஒவ்வொன்றாய் அழுத்துகிறாள்.
மணி போகிறது.
ஏழாம் மாடிதானே, நடந்து வர நேரமாகும் என்று
வீட்டுக்குள்ளேயே இருப்பவளுக்காகக்
கூடுதல் நேரம் காத்திருக்கிறாள்.