இருபத்தெட்டாம் நாள்

ஈரக் கலவையை இரும்பு அச்சில் கொட்டிக் கட்டியாக்கி
இருபத்தெட்டு நாள் தண்ணீரில் வைப்போம்.
பிறகு அழுத்து இயந்திரத்தில் நிறுத்தி
உடையும்வரை நசுக்குவோம்.
எந்த எண்ணில் உடைகிறதோ அதுதான் அதன் உண்மை.
கியும்ரியில் பதினோரு வருடம் இதுவே என் வேலை.
அப்போது ஊருக்கு வேறு பெயர்.

நூற்று நாற்பதில் உடைந்ததை
இருநூறு என்று எழுதினேன்.
ஒருமுறை அல்ல.
மேலாளர் கண்ணைக் காட்டுவார், நான் பேனாவைத் திறப்பேன்.
சிமெண்ட் எங்கே போகிறது என்று
கேட்க வேண்டிய மேசையில்தான் உட்கார்ந்திருந்தேன்.

டிசம்பர் ஏழு. பதினொன்று நாற்பத்தொன்று.
அதற்குமேல் அந்த நாளை எழுத எனக்கு வராது.

பிறகு முப்பது வருடம் மெழுகுவத்தி.
கறுப்புக் கல் கோவிலின் மணல் தட்டில்
ஞாயிறுதோறும் இரண்டு நட்டேன்.
எரிந்து வளைந்தன.
அதை விசுவாசம் என்று நானும் எழுதிக்கொண்டேன்,
நசுக்கிப் பார்க்காமலே.

மினிபஸ் ஓட்டும் ஹ்ராந்த்
இன்னும் அந்தத் தகர வேகனில்தான் குடியிருக்கிறார்,
இரண்டு வருடத்துக்கு மட்டும் என்று அன்று கொடுத்தது.
செவ்வாய் இரவுகளில் அங்கே ஆறு பேர் வேதம் வாசிக்கிறோம்.
அடுப்புப் புகை, ஈரக் கையுறைகள், செர்ரிப் பழப் பாகு.
"பண்டிகைக்குப் பண்டிகை துண்டு துண்டாகக் கேட்டது போதும்,
ஆதியிலிருந்து தொடங்குவோம்" என்றார்.
ஒரு அதிகாரத்தில் மூன்று வாரம் நின்றோம்.
ஒளி உண்டாகும் இடத்தில்
குழாய் ரிப்பேர் செய்யும் கரேன் அழுதான்.
எனக்கு எதுவும் ஆகவில்லை.

ஆனது தோட்டத்தில்.
இலைகளுக்குப் பின்னால் ஒளிந்தவனைப் பார்த்து
கடவுள் கேட்கிறார் அல்லவா, எங்கே இருக்கிறாய் என்று,
அவருக்குத் தெரியாதது போல.
வாசிக்கும் முறை என்னுடையது.
அந்த வரியைத் தாண்ட என் நாக்குக்கு முடியவில்லை.
"சிரானுஷ், கண்ணாடி வேண்டுமா?" என்று யாரோ கேட்டார்கள்.

சொன்னேன்.
எண்களைச் சொன்னேன், எண்கள்தான் எனக்குத் தெரியும்.
நூற்று நாற்பது. இருநூறு. என் கையெழுத்து.

எதிரே சாத்தெனிக், தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தவள்.
அவள் மகனுக்கு அன்று ஒன்பது வயது, சளிக் காய்ச்சல்,
பள்ளிக்கு அனுப்பாமல் வீட்டில் படுக்க வைத்திருந்தாள்.
கெண்டியைக் கீழே வைத்தாள்.
"எந்தக் கட்டிடம்?"
பாதாம் தோப்புத் தெரு, பன்னிரண்டு என்றேன்.
"நாங்கள் பதினான்கு."
சற்றுப் பொறுத்து:
"பதினான்குக்கு யார் கையெழுத்து?"

தெரியாது.
அது நானாக இருந்திருக்கலாம், என்னைப் போல் ஒருத்தியாகவும்.
அடுத்த மேசையில் ஒரு பேனா எப்போதும் இருந்தது.

கோட்டை மாட்டிக்கொண்டு போனாள்.
ஹ்ராந்த் ஜெபிக்கத் தொடங்கிப் பாதியில் நிறுத்தினார்.
அதற்காக அவரை மதிக்கிறேன்.

அடுத்த செவ்வாய் அவள் வரவில்லை.
அதற்கடுத்ததும். அதற்கும் அடுத்ததும்.
கொலையும் வெள்ளமும் கடந்துபோயின.
நான் கதவருகே உட்கார்ந்தேன்,
காற்று உள்ளே வரும் இடத்தில்.
மெழுகுவத்தி வாங்குவதை விட்டிருந்தேன்.
பொய்யாக எழுதிய கட்டிடங்களின் பெயர்களை
ஒரு பள்ளி நோட்டில் எழுதத் தொடங்கியிருந்தேன்,
நினைவிலிருந்து, ஒரு பக்கத்துக்கு ஒன்றாக.

நான்காம் செவ்வாய் பனி கொட்டியது.
அவள் பூட்சைத் தட்டும் சத்தம் கேட்டது.
யாரையும் பார்க்கவில்லை, என்னையும்தான்.
புத்தகத்தைத் தன் பக்கம் இழுத்தாள்,
நாங்கள் வைத்திருந்த அடையாள நூலை எடுத்துவிட்டு
முதல் பக்கத்துக்குத் திருப்பினாள்.

"எனக்காகத் திரும்பவும்" என்றாள்.
அடுப்பில் இன்னொரு விறகு வைத்தோம்.
அவள் குரல் நடுங்கியது, நிற்கவில்லை.
நான் விரல்விட்டு எண்ணினேன், பழைய பழக்கம்:
ஏழு, பதினான்கு, இருபத்தொன்று.

மூன்றாம் அதிகாரத்துக்கு இன்னும் வரவில்லை.