கணு

பல் மருத்துவர் தூக்கிப் போட்ட ஊசியால்
ஒரு நாளைக்கு இரண்டு விரற்கடை.
அவசரப்பட்டால் எலும்பு சொல்லாததையும்
நாமே சொல்லிவிடுவோம் என்பாள் நஜ்லா.

ஃபயூம் பாலையின் அந்தப் பள்ளத்துக்குத்
தண்ணீர் லாரி வியாழன்தோறும் வரும், வராமலும் போகும்.
பதினெட்டு மீட்டர் முதுகெலும்பு
சரக்கு ரயில் கவிழ்ந்ததுபோல் கிடக்கிறது.
ஓட்டுநன் ஸலாமூனிக்கு அதன்மேல் மரியாதையில்லை.
"கடலில்லாத ஊரில் திமிங்கலம்.
டிக்கெட் எடுக்காமல் வந்திருக்கும்."

பதினோராம் நாள், இடுப்புப் பக்கம்,
ஒரு கால் வந்தது.
முழத்துக்கும் குட்டை.
தொடை, முட்டிச் சில்லு, மூன்று விரல்.
அந்த உடம்பை அது ஓரடி நடத்தியிருக்காது.
விற்றுவிட்ட வீட்டின் சாவியை
இடுப்பிலேயே செருகிக்கொண்டு திரிந்திருக்கிறது
நாலு கோடி வருடத்துக்கு முன்னால் ஒரு பிராணி.

பெருநாள் ஆட்டின் கணுக்காலிலிருந்து எடுத்துப்
பையன்கள் உருட்டி ஆடுவார்களே ஓர் எலும்பு,
மேலும் கீழும் கப்பிபோல் குழிந்தது,
அதே எலும்பு பாகிஸ்தான் மலைகளில்
இதைவிட மூத்த திமிங்கலங்களின் கணுக்காலில் இருந்தது.
அன்றைக்கு ஆடும் ஒட்டகமும் நீர்யானையும்
அழைப்பில்லாமல் வந்த சொந்தக்காரர்கள்போல்
முன்வரிசையில் உட்கார்ந்தன.
இங்கே, இதில், கப்பி இறுகிப்போயிருக்கிறது.
உருண்டு போக எந்தக் கரையும் இல்லை.

"அப்போ இது ஆட்டுக்குப் பேரனா?"
"பங்காளி.
இன்னார் இன்னாருக்குப் பேரன் என்று
மண் எழுதிக் கொடுப்பதில்லை, ஸலாமூனி.
கிடைப்பதெல்லாம் பங்காளிகள்."
நோட்டில் இரண்டு கோடு இழுத்தாள்.
கூடும் இடத்தில் ஒரு வெற்று வட்டம்.
"இது யார்?"
"தெரியாது. ஆனால் இருந்தது.
இந்தக் கணு இல்லாமல் இரண்டு கிளை இல்லை."

வெள்ளிக்கிழமை சின்னூரிஸில் கல்யாணம்.
கூடத்துச் சுவரில், கண்ணாடிச் சட்டத்துக்குள்,
மெத்வல்லி பெரியப்பா காசு கொடுத்து எழுதவைத்த குலமரம்.
பதினான்கு தலைமுறை, இலைக்கொரு பெயர்,
எல்லா இலையும் ஆண்.
ஆணிலிருந்து ஆண் முளைத்து, அதிலிருந்து ஆண் முளைத்து
யாரும் யாரையும் சுமக்காமல்
கூரைக்குப் போகிறது மரம்.
நஜ்லாவுக்கு அதில் இலை கிடையாது.

சாப்பாடு முடிந்து மேளம் ஓய்ந்த நேரம்
மாப்பிள்ளையின் தம்பி காதை ஆட்டிக் காட்டினான்.
இடது காது மட்டும்.
எதிர்வரிசையில், வேறு கிளை, ஷாஹெந்தா
தன் இடது காதை ஆட்டினாள்.
இஸ்மாயிலியாவிலிருந்து வந்த,
சொத்துத் தகராறில் நாற்பது வருடம் முகம் பார்க்காத கூட்டத்தில்
ஒரு வழுக்கைத் தலையர்,
வெட்கத்தோடு, அவரும்.

எல்லாரும் சிரித்தார்கள். அவள் எண்ணிக்கொண்டிருந்தாள்.
காது மட்டும் போதாது; பழகினால் யாரும் ஆட்டலாம்.
சுண்டுவிரலைப் பார்த்தாள்: மூவருக்கும் உள்பக்கம் வளைவு.
முன்பல் இடைவெளி: மூவருக்கும்.
சட்டத்தின் முன் நின்று
மூன்று இலையிலிருந்தும் விரலைக் கீழே இழுத்தாள்.
அப்துல் மவ்லா.
ஆனால் அவனுடைய மற்ற மகன்களின் வழியில்
பாதிப் பந்தல் நிறைந்திருந்தது,
ஒரு காதும் அசையவில்லை.

ஆக, இன்னொருத்தி.
பெயரில்லை, ஊரில்லை, கல்லறை எங்கேயென்று தெரியாது.
இடது காதை ஆட்டி
எந்தக் குழந்தையின் அழுகையையோ நிறுத்தியவள்.

கண் மைப் பென்சிலை எடுத்து
கண்ணாடிமேல், அப்துல் மவ்லா பக்கத்தில்,
ஒரு வெற்று வட்டம் போட்டாள்.

பெரியப்பா கைக்குட்டையால் துடைத்தார்.
மை அழியவில்லை,
பரவிப் பெரிதாகி
நாலைந்து ஆண்களை மறைத்தது.

ஞாயிறு, பாலைக்குத் திரும்பும் வண்டியில்
ஸலாமூனி கண்ணாடியைத் தன் பக்கம் திருப்பி
காதோடு மல்லுக்கட்டினான்.
புருவம் ஏறியது. தாடை கோணியது.
"ரோட்டைப் பார்," என்றாள் நஜ்லா,
தன் இடது காதில்
கை வைத்தபடி.